பாலில் கவிழ்த்த லென்ஸ்

அழகம்மா அத்தை காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் பாலில் முக்கி, அந்தப் பாலில் ஒரு சொட்டைத் தம்பியின் உதட்டில் விட்டாள். மருதமுத்துவின் தொண்டை அதை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். மூச்சு பழையபடியே இழுப்பதும் நிற்பதுமாக இருந்தது.

"பொன்னாசையும் இல்ல," என்றாள் அத்தை, தோட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டே.

காலையில் மண்ணாசைக்காக லயத்து வீட்டுக் கொல்லை மண்ணைக் கரைத்து ஊற்றியாகிவிட்டது. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு ஆசை எதில் நிற்கிறதோ, அதைக் கொடுத்து அனுப்பிவைப்பது அந்த ரப்பர் தோட்டத்து வழக்கம்.

மகள் நிரோஷா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அவர் பேசவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது மட்டும் முனகுவார். அந்த முனகலைக் கேட்க அவளால் முடியவில்லை. சீக்கிரம் கூப்பிட்டுக்கொள் என்று முருகனிடம் கேட்டாள். கேட்டதற்கு வெட்கப்பட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"அப்ப அந்தக் கேமராப் பொட்டிகதான்," என்று அத்தை அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

மருதமுத்து தோட்டத்து லொறி ஓட்டியவர். டிஜிட்டல் வந்து ஊர் ஊராக ஸ்டூடியோக்கள் மூடிக்கொண்டிருந்த காலத்தில், எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போய்ப் பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கி வருவார். யாஷிகா, பென்டாக்ஸ், ரஷ்யாக்காரனின் ஜெனித் என்று அலமாரி நிறைந்தது. அவர் படம் எடுத்ததைவிடத் துடைத்ததுதான் அதிகம். யட்டியாந்தோட்டை மழைக்குத் தோல் பெல்ட்டே பச்சை பிடித்துவிடும், லென்ஸ் எம்மாத்திரம்? உள்ளே பூஞ்சணம் நூல் விட்டால் அதன் கதை முடிந்தது. ஈரம் அண்டாமலிருக்க அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு இரவும் பகலும் எரிந்தது. நிரோஷாவின் அம்மா உயிரோடு இருந்தவரை, கரண்டு பில் வந்தால் வீட்டில் சண்டைதான்.

"கேமராவக் கையில குடுத்துப் பாத்துட்டேன் அத்தை. கண்ணே தொறக்கல."

"கையில குடுத்தா ஆச்சா? உள்ள போகணும். அந்தக் கண்ணாடிய நனைச்சு ரெண்டு சொட்டு ஊத்து."

"ஈரம் பட்டா அது கெட்டுப் போயிரும். அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு தாங்காது."

"அனே பாவம், உசுரு கெடந்து தவிக்குது. ஒனக்குக் கண்ணாடி பெருசாப் போச்சா?"

நிரோஷா எழுந்தாள். வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள். அத்தைக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஜெனித் வாயைப் பிளந்துகொண்டு கட்டிலில் கிடந்தது. போத்தல் மூடியைத் திருகுவதுபோல் லென்ஸைத் திருகி எடுத்து, பால் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தாள் அத்தை. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி முகத்தில் வழிய, கரண்டியால் பாலை மொண்டுகொண்டிருந்தாள்.

"என்னா அத்தை இது," என்று நிரோஷா வாயெடுப்பதற்குள் கட்டில் கிறீச்சிட்டது.

அப்பாவின் கண் திறந்திருந்தது. அது கூரையைப் பார்க்கவில்லை, பால் தட்டைப் பார்த்தது. அலமாரியில் யாராவது கை வைத்தால் பார்ப்பாரே, அதே பார்வை. நிரோஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

"ஈரம்," என்றார் மருதமுத்து.

"தொடைச்சிர்றேன்ப்பா. இந்தா, இப்பவே தொடைச்சிர்றேன்."

லென்ஸை வெடுக்கென்று எடுத்தாள். அலமாரியிலிருந்து அவருடைய மெல்லிய துணியைக் கொண்டுவந்து, நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாக, அழுத்தாமல் ஒற்றி எடுத்தாள். விளிம்புச் சந்தில் துணியின் முனையைத் திரித்து விட்டாள். அவள் கை தப்புச் செய்கிறதா என்று அவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு விரல் அசைந்தது.

"அந்தப் பக்கமுமா? சரிப்பா."

துடைத்து முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நல்ல வேளையாகப் பால் உள்ளே இறங்கவில்லை. அவருக்கும் காட்டினாள்.

"ஒண்ணும் ஆகலப்பா. பளிச்சுன்னு இருக்கு."

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் விட்டது. வாய் லேசாகத் திறந்தது. அத்தை இதுதான் சமயம் என்று கரண்டிப் பாலை ஊற்றிவிட்டாள். அதுவும் இறங்கியது.

"நான் சொன்னேன்ல," என்றாள் அத்தை மெதுவாக. நிரோஷா அவளைத் திட்டவில்லை. திட்டத் தோன்றவுமில்லை. மூச்சு இப்போது இழுக்கவில்லை. சத்தமில்லாமல் வந்தது, போனது. பிறகு அவர்களுக்குக் கேட்கவில்லை.

"மூச்சு இருக்கா பாரு புள்ள, எனக்குத் தெரியல. மொகம் பாக்குற கண்ணாடியக் கொண்டாந்து மூக்குகிட்டப் புடி."

நிரோஷா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த லென்ஸையே அப்பாவின் மூக்கருகில் பிடித்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, ரப்பர் மரங்கள் தெரியாமல் போயிருந்தன.

"என்னா புள்ள?" என்றாள் அத்தை.

நிரோஷா லென்ஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை.