மச்சானின் மூச்சு மெஷின்

அந்தக் குடும்பத்தில் ஒரு பொருள் இருந்தால் அக்கா, தம்பி இரண்டு வீட்டுக்கும் அதுவே போதும். அக்கா வீட்டு ஏணி பாதி நாள் தம்பி வீட்டில் கிடக்கும். தம்பியின் டிரில்லிங் மெஷின் அக்கா வீட்டில் இருக்கும். ஒருமுறை தம்பியும் அக்கா புருஷனும் மூக்குக் கண்ணாடியையே மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் தலைவலி வந்ததுதான் மிச்சம், அப்போதும் புத்தி வரவில்லை.

அக்கா தையல்காரி. அவள் புருஷன் பம்ப் மெக்கானிக். இதயம் பலவீனமாகிப்போய் வீட்டோடு இருக்கிறார். மத்தியானம் அவர் கண்ணயரும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து தைப்பாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், மாடி ஏறுகிறவரைப் போல வாங்கும், பிறகு அடங்கி அடங்கி நின்றேவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து. பயமும் இருந்தது. ஆனால் இது என்ன கணக்கு என்ற குடைச்சல்தான் அதிகம்.

தம்பியிடம் சொன்னாள்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதா? எனக்கும் அதே கதைதானேக்கா! என் பழைய மெஷின் சும்மாதான் கிடக்கு. மூச்சு நின்னா அதுவே காத்தைத் தள்ளிவிட்டுடும்."

முகமூடியும் குழாயும் பெட்டியுமாக வந்து இறங்கியது. அன்று முதல் மெக்கானிக்குக்கு அடித்துப்போட்டாற்போல் தூக்கம். எழுந்தால் முகத்தில் களை. "மச்சான் கெட்டிக்காரன்டி!" என்று மெச்சிக்கொண்டார்.

அவளுக்கோ குடைச்சல் தீரவில்லை. மூச்சு நிற்பது இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? மாத்திரை வாங்கப் போன நாளில் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போய் இதய டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

டாக்டரம்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"இதை யாரு போடச் சொன்னாங்க?"

"தம்பியோடது. அவனுக்கும் மூச்சு நிக்கும்."

"உங்க தம்பிக்கு இதயம் திடமா இருக்கலாம். இவருக்கு அப்படி இல்லை. ரத்தம் மெதுவாப் போறதால, மூச்சு போதுமா போதாதான்னு மூளைக்குச் சேதி லேட்டாத்தான் போகும். அதனால ஒரேயடியா வாங்கும், அப்புறம் ஒரேயடியா விட்டுடும். மூச்சை அளந்து அதுக்கேத்த மாதிரி காத்தைத் தள்ளுற இந்த ரக மெஷின் அதைச் சமன் பண்ணும், நல்லதுதானேன்னு நாங்களும் நினைச்சோம். பெரிய ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, இவரை மாதிரி இதயம் சரியாப் பம்ப் பண்ணாதவங்க இதைப் போட்டுக்கிட்டதுல சாவுதான் கூடுச்சு."

"ஏன் டாக்டர்?"

"முழுசாத் தெரியலைம்மா. முதல்ல மாத்திரையை மாத்தி இதயத்தைப் பார்ப்போம். தூக்கப் பரிசோதனையும் எடுத்துட்டு, வேற என்ன கொடுக்கலாம்னு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் இதைப் போடாதீங்க. நின்ன மூச்சு தானா வரும், பதறாதீங்க. நெஞ்சடைப்பு, மயக்கம்னா உடனே கூட்டிட்டு வாங்க."

வீட்டில் மெக்கானிக் குதித்தார். "நிம்மதியாத் தூங்குறேன். அது உனக்குப் பொறுக்கலையா?"

அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தாள். "நல்லாத் தூங்கிட்டு ஒருநாள் எந்திரிக்காமப் போயிட்டீங்கன்னா? அந்தப் பாழாப்போன முகமூடியை என் கையாலதானே மாட்டிவிட்டேன்!"

அவர் தானே குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, "மச்சானை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

மறுநாள் மத்தியானம் வெறும் முகத்தோடு தூங்கினார். மூச்சு ஏறியது, இறங்கியது, நின்றது. உலுக்கி எழுப்பக் கை பரபரத்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வந்தது. திரும்பவும் நின்றது, திரும்பவும் வந்தது.

கண் விழித்தவர் அவளைப் பார்த்தார். "தைக்காம என்ன வேடிக்கை பார்க்குற?"

"நீங்க எந்திரிக்கிறதைத்தான்" என்றாள்.