பந்து யார் கைக்கு

மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு ஒன்பது தடவைதான் பந்து கொடுத்தார்கள். போன வருடம் ஒரு சனிக்கிழமைகூட அது இருபதுக்குக் குறைந்ததில்லை. இந்த வருடமும் முதல் ஆட்டத்தில் இருபத்தொன்று, இரண்டாவதில் பத்தொன்பது. பிறகு சட்டென்று ஒன்பது. எனக்கு அடிபடவில்லை, பந்தை நழுவவிடவும் இல்லை. மீதி நேரமெல்லாம் ஓரத்தில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கிழவர், "ஏம்பா லவெல், உனக்கும் கோச்சுக்கும் என்னப்பா தகராறு?" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மெர்ரிடேல் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தோடு ஓடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். நான்காம் வருடத்தில் இருந்த நான்தான் மூத்தவன். வேலையைச் சொல்வது எளிது. பந்து கைக்கு வந்தால், எதிரணிப் பதினோரு பேரும் சாய்ப்பதற்குள் முடிந்த மட்டும் முன்னேற வேண்டும். வராதபோது, எங்கள் குவார்ட்டர்பேக் பந்தைத் தூர எறியும்வரை அவனை யாரும் நெருங்காமல் மறித்து நிற்க வேண்டும். ஓடினால் பெயர் பேப்பரில் வரும். மறித்து நிற்பவனை அவனுடைய அம்மா மட்டும்தான் கவனிப்பாள்.

இரண்டாமவன் ஜமர்கஸ் ஓடம். என் அறைத்தோழன், நூற்றுப்பத்து கிலோ. எல்லைக்கோட்டைத் தொட ஒரு கெஜம், இரண்டு கெஜம் பாக்கி இருக்கும்போது மட்டும் அவனைக் கூப்பிடுவார்கள். மூன்றாமவன் கோல்பி ஹென்ஷா. கோடையில்தான் மிசூரியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு மாறி வந்திருந்தான். அதிகம் பேசமாட்டான். எனக்குக் குறைந்த பந்துகளெல்லாம் அவனுக்குத்தான் போயின.

எங்கள் மூவரையும் பழக்கியவர் கோச் விட்லாக். எந்நேரமும் சூரியகாந்தி விதையை மென்று காகிதக் கோப்பையில் தோலைத் துப்பிக்கொண்டிருப்பார். மூன்று வருடமாக என்னைத் தோளில் தட்டிக் கூப்பிட்டவர், அந்த வாரம் நான் அவர் அறைக்குள் நுழைந்ததும் கணினியை மூடினார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல கோச். இந்த வாரம் எப்படின்னு கேட்கலாம்னு..."

"பாக்கலாம்." பிறகு, சும்மா கேட்பதுபோல, "உன் சித்தி பையன் எப்படி இருக்கான்? அடிக்கடி பேசிக்குவீங்களா?" என்றார்.

"இருக்கான் கோச்" என்றேன். இவருக்கு டெரியஸை எப்படித் தெரியும் என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தனியாக வருவதில்லை. ஹென்ஷாவை ஞாயிற்றுக்கிழமை கோச் வீட்டு வாசலில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். தேவாலயம் முடிந்து நேரே அங்கே போய், விலா இறைச்சியும் சோள ரொட்டியும் சாப்பிட்டானாம். மூன்று வருடத்தில் கோச் என்னை ஒரு முறைகூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கோச்சின் மனைவியும் ஹென்ஷாவின் அம்மாவும் ஒரே ஊர்க்காரர்கள் என்று ஓடம் சொன்னான். சமாதானப்படுத்தத்தான் சொன்னான். எனக்கோ அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அடுத்தது பலகைக் கணினி. வாராவாரம் புதிய ஆட்டத் திட்டங்களை எங்கள் எல்லோருடைய பலகைக்கும் அனுப்புவார்கள். புதன்கிழமை பயிற்சி முடிந்து ஹென்ஷா குளிக்கப் போயிருந்தான். அவனுடைய பலகை பெஞ்சில் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். என்னுடையதில் இருபத்தாறு. இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கத்தை எனக்கு அனுப்பவே இல்லை.

"ஓடம், உன்னோடதுல எத்தனை பக்கம்?"

அவன் கொழுக்கட்டை மாதிரி வாயை உப்பிக்கொண்டு யோசித்தான். "நான் எங்கடா எண்ணினேன்? எனக்கு இருக்கிறது ஒரே திட்டம். நேராப் போய் முட்டு. அதுக்குப் பக்கம் எதுக்கு?"

"எண்ணுடா."

எண்ணினான். முப்பத்தெட்டு. அதன்பிறகு அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

நான்காவது ஆட்டத்தில் எனக்கு ஆறு தடவை. ஆறிலும் சேர்த்து ஒன்பது கெஜம். பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிராளிகள் மூன்று பேர் நான் ஓட வேண்டிய இடத்தில் நின்றார்கள். ஹென்ஷா அதே திட்டத்தில் அதே பக்கம் ஓடி நூற்றிரண்டு கெஜம் எடுத்தான். அவனுக்கு வழி விடுகிறார்கள், எனக்கு அடைக்கிறார்கள். எங்கள் ஆட்களே எனக்காகச் சரியாக மறிப்பதில்லை என்று அன்றைக்கு நம்பத் தொடங்கினேன். சாப்பாட்டுக்கூடத்தில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. அம்மா போன் செய்தால் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் வீடியோ அறைப் பக்கம் போனேன். ஹென்ஷா தனியாக உட்கார்ந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் திரையை அணைத்தான். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டேன். திரையில் இருந்தது இருபத்தெட்டாம் எண் சட்டை. என் சட்டை.

"என்ன பாக்குற?"

"சும்மா."

"சும்மாவா? என்னையா?"

"எல்லாரையும்தான்" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

அங்கிருந்து நேராகக் கோச் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"கோச், உண்மையைச் சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன்.

"முதல் ஆட்டத்திலேர்ந்து ஒண்ணைக் கவனிக்கிறோம். நீ உள்ள நிக்கும்போது பந்து உனக்கா இல்லையான்னு எதிரணிக்கு முன்னாடியே தெரியுது. ஹென்ஷா நின்னா தெரியல. ஓடம் நின்னா தெரியல. நீ நின்னா மட்டும் தெரியுது. எப்படி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"டெரியஸ் என்ன வேலை பாக்குறான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சித்தி மகன் டெரியஸ் எங்கள் லீகிலேயே வேறொரு கல்லூரி அணிக்கு வீடியோ எடுக்கிறான். சீசன் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நாள் எங்கள் அறையில் வந்து தங்கியிருந்தான். சமையல் மேஜை மேலேதான் என் பலகை கிடந்திருக்கும்.

"என் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்குவேனா கோச்? என் பந்து, என் ஓட்டம். அதை நானே வித்து எனக்கு என்ன லாபம்?"

"தெரிஞ்சு சொன்னேன்னு நான் சொல்லல. குடும்பப் பேச்சுல வாய் தவறியிருக்கலாம். அவன் பாத்திருக்கலாம். அவன்கிட்ட போனா அப்புறம் லீக் முழுக்கப் போகும்."

போனைத் திறந்து அவர் மேஜை மேல் வைத்தேன். "பாருங்க. அவனும் நானும் பேசினது எல்லாம் இருக்கு. எங்க அம்மாவுக்கு பிறந்தநாள், யாரு கேக் வாங்குறது, அவ்வளவுதான். பாருங்க."

அவர் போனைப் பார்த்தார். தொடவில்லை. "வேணாம் தம்பி, எடுத்துக்க" என்றார். 'உன்னை நம்புகிறேன்' என்று மட்டும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டெரியஸ் வந்து தங்கியது அணியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் ஓடம். இன்னொருவன் அன்றைக்கு நாற்காலி ஒன்று இரவல் கேட்டு வந்த ஹென்ஷா. யார் போட்டுக் கொடுத்திருப்பான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வாகன நிறுத்தத்தில் பிடித்தேன். காரின் கதவைத் திறக்கப் போனவனின் கையைத் தட்டிவிட்டேன்.

"எங்க வீட்டுப் பையனைத் திருடன்னு சொல்லித்தான் நீ பந்து வாங்கணுமா? உனக்கு ஓடத் தெரியாதா?"

"நான் சொல்லல."

"கோச் வீட்டு விலா எலும்பைக் கடிச்சுக்கிட்டே சொன்னியா?"

"நான் சொல்லலடா. யாரு திருடன்? என்ன பேசுற நீ?"

அவன் முகத்தில் உண்மையிலேயே ஒன்றும் புரியாத குழப்பம். கோச் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவன் கார்ச் சாவியைப் பையில் போட்டான். "உள்ள வா" என்றான்.

வீடியோ அறையில் முதல் ஆட்டத்தை ஓடவிட்டான். பந்து நகர்வதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினான். "உன் வலது காலைப் பாரு."

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"குதிகால்."

குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பியிருந்தது. அடுத்ததை ஓட்டினான். அதில் நான் மறித்து நிற்க வேண்டிய முறை. இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தியிருந்தன. அதற்கடுத்ததில் பந்து எனக்கு. குதிகால் மேலே.

"நாப்பது தடவையில முப்பத்தொன்பது" என்றான். "ஒரே ஒரு தடவை தப்புச்சு. அன்னிக்கு நீ வழுக்கிட்ட."

வசந்தகாலப் பயிற்சியில் எனக்கு வலது கணுக்கால் பிசகியிருந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். குணமான பிறகும், ஓடப் போகிறோம் என்று தெரிந்தாலே அந்தக் கால் தானாக முன்கூட்டித் தயாராகியிருக்கிறது. எனக்கே தெரியாமல், லீகில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் வாயில் வேறு கேள்வி வந்தது.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

அவன் திரையை அணைத்தான்.

"எப்போடா?"

"ரெண்டாவது ஆட்டத்துக்கு அப்புறம்."

"ரெண்டு வாரமா? ஏன் சொல்லல?"

"ஏன்னு உனக்குத் தெரியும்" என்றான். "மிசூரியில ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்காந்தேன். எங்கப்பா அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து என் முதுகைப் பாத்துட்டுப் போவாரு. இங்க முதல் தடவையா பந்து கைக்கு வந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

"பந்து வேற. ஒருத்தனைக் காட்டிக்குடுத்தவன்னு சொல்றது வேற."

அவனை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் மறுநாளே போய்ச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கிடைத்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

இருவருமாகக் கோச்சிடம் போனோம். அவர் பத்துப் பதினைந்து காட்சிகளைப் பார்த்தார். விதை மெல்வதை நிறுத்திவிட்டார். கடைசியில், "இதை முதல்ல பாத்திருக்க வேண்டியவன் நான்" என்றார். டெரியஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலை என் பலகையில் முப்பத்தெட்டுப் பக்கம் இருந்தது.

டெரியஸ் வந்த செய்தி கோச்சுக்கு எப்படிப் போனது என்பதை ஓடமே ஒப்புக்கொண்டான். "சாப்பாட்டுக்கூடத்துல சொன்னேன்டா. வேற அணிக்கு வீடியோ எடுக்கிற உன் டெரியஸ் வந்து என் கார்ன்ஃப்ளேக்ஸ் முழுசையும் தின்னுட்டான்னு. சிரிக்கத்தான் சொன்னேன். கோச் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தாரு போல." பாவம், அழுகிற நிலையில் இருந்தான். அத்தனை பெரிய உடம்பு அழுதால் யார் தாங்குவது? விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் குதிகாலோடு மல்லுக்கட்டினேன். புதன்கிழமைதான் கோச்சிடம் சொன்னேன்: "இதைச் சரி பண்ண வேணாம் கோச். தலைகீழாக்கலாம்." பந்து எனக்கு இல்லாதபோது குதிகாலைத் தூக்க வேண்டும். எனக்கு வரும்போது தரையில் அழுத்த வேண்டும். சொல்ல எளிது. ஹென்ஷா எனக்கு எதிரே குனிந்து நின்று, "மேல!" "கீழ!" என்று கத்தினான். நாங்கள் ஒருவரோடொருவர் பேசியது அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு முன் கோச் சுவர்ப் பலகையில் எழுதினார்: லவெல் பதின்மூன்று, ஹென்ஷா பதின்மூன்று, ஓடம் நான்கு. இருபது என் பெயருக்குப் பக்கத்தில் இனி வராது என்று அப்போதே புரிந்தது. ஹென்ஷா நல்ல ஓட்டக்காரன். குதிகால் சரியாகிவிட்டது என்பதற்காக அவன் மறைந்துவிட மாட்டான்.

மூன்றாவது கால்பகுதியில் குதிகாலைத் தூக்கினேன். எதிரே நடுவில் நின்ற தடியன், "அவன்தான்! அவனுக்குத்தான்!" என்று அலறிக்கொண்டு என்மேல் பாய்ந்தான். கூடவே இன்னும் இரண்டு பேர். மூன்று பேர் என்னைப் புல்லோடு புல்லாக அமுக்கினார்கள். அவர்கள் முழங்கைகளுக்கு நடுவே தெரிந்த இடைவெளியில், மறுபக்கம் ஹென்ஷா பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு கெஜம். என்மேல் கிடந்த தடியன் தலையைத் தூக்கிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அந்த வருடத்தில் என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக வேறு எதுவும் கேட்டதில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஹென்ஷா கையை நீட்டினான். கொடுத்தேன். நண்பர்களாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். அதன்பிறகும் அவன் வீடியோ அறைக்குத் தனியாகப் போனால், என் கால் தானாக அந்தப் பக்கம் போகும். அவனும் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "வா, நீயும் பாரு, அப்பத்தான் உனக்குத் தூக்கம் வரும்" என்பான்.

நவம்பரில், நான்காம் வருட மாணவர்களுக்கான கடைசி உள்ளூர் ஆட்டம். அம்மாவும் சித்தியும் டெரியஸும் வந்திருந்தார்கள். நெல் அறுத்து முடிந்த வயல் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. கோச் விட்லாக் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். அம்மாவுக்கு வணக்கம் சொன்னார், சித்திக்குச் சொன்னார். பிறகு டெரியஸின் கையைப் பிடித்து, படிப்பு எப்படி, வேலை எப்படி, கேமரா கனமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கோச் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

டெரியஸ் விரல்களை உதறினான். "என்னடா உங்க கோச், கையை விடவே மாட்டேங்கிறாரு?"

"அவருக்கு உன்னைப் பிடிச்சிருக்கு போல" என்றேன்.