தூள் தெறிக்கும்

"இந்தக் கை இருக்கே…" என்று மெக்கானிக் சங்கத் தலைவர் இறந்தவரின் வலது கையை மூன்றாவது தடவையாகத் தூக்கினார். முதல் இரண்டு தடவையும் போட்டோ சரியாக விழவில்லை.

"இந்தக் கை ஓட்டை போட்டா, போட்டது அந்த பிளாஸ்டிக்குக்கே தெரியாது!"

கூட்டம் தலையாட்டியது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவியும் ஆட்டினாள். பைக்குகளின் பிளாஸ்டிக் பேனல்களில் விளக்கும் பெட்டியும் மாட்ட ஓட்டை போடுவதுதான், முன்னறையை ஒட்டியிருந்த அவர்கள் கடையின் பிழைப்பு. அவர் போட்டால் அச்சில் வார்த்த மாதிரி வட்டம். அவள் போட்டால் கடைசி நொடியில் 'டப்'பென்று விளிம்பு பிளந்துவிடும். "விடு, இதெல்லாம் கைவாகு. உனக்கு அமையல" என்பார், பெரிய மனசோடு.

பன்னிரண்டு வருஷமாக அவள் பேனலைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அதிலும் அவர் ட்ரில்லைக் கையில் எடுத்ததுமே, "கண்ணை மூடிக்கோ, தூள் தெறிக்கும்" என்பார். புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்கணும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறாள்.

பேச்சு ஓய்ந்ததும் கொழுந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, கடையப் பத்திக் கவலைப்படாதீங்க. நாளையிலேருந்து நான் உக்காந்துக்கறேன்."

"நானே நடத்தலாம்னு பாக்கறேன், தம்பி."

"நீங்களா?" சாவு வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான். "வர்ற பேனலையெல்லாம் உடைச்சுக் குடுக்கவா?"

"உனக்கு மட்டும் அவரு கை வந்துருமா?"

"கையாவது காலாவது! ட்ரில்லத் திருப்பிச் சுத்த விடணும், அவ்ளோதான். நேரா விட்டா முனை கடிச்சு இழுத்து உடைச்சுரும். திருப்பி விட்டா சூட்டுல இளகி மெதுவா இறங்கும். கட்டைவிரல்கிட்ட ஒரு பொத்தான் இருக்கும், தள்ளினாப் போதும். தூள்கூடத் தெறிக்காது." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "அண்ணன் சொன்னதில்லையா?"

"உனக்கு எப்பச் சொன்னாரு?"

"என் கல்யாணத்தப்பவே. எதிர் சலூன்காரருக்குக்கூடத் தெரியுமே. உங்க கைல குடுக்கறப்ப பொத்தானப் பழையபடி தள்ளிவெச்சுருவாராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. குறும்புதான் அவருக்கு."



வண்டி வந்துவிட்டது. "கடைசியா முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் எழுந்தாள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அந்த வழியாகவே நடந்து கடைக்குள் போனாள்.

ட்ரில் உறுமியது. முன்னறையில் அழுகை ஒவ்வொன்றாக நின்றது.

முதல் ஓட்டையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"அண்ணி…" கொழுந்தன் வாசலோடு நின்றுவிட்டான். "தூக்கப் போறாங்க."

"தூக்கச் சொல்லு."

அந்தப் பேனலுக்கு வேண்டியது இரண்டே ஓட்டை. அவள் ஏழாவதைப் போட்டுக்கொண்டிருந்தாள்.