கரையானுக்கு ஊற்றிய எண்ணெய்

"பழைய எண்ணெயெல்லாம் எங்கேப்பா போகும்?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. டிரைவிங் மாஸ்டர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். "மண்ணு குடிச்சிடும்மா" என்றார். அவள் குனிந்து எட்டிப் பார்த்து, "மண்ணுக்கு வயித்த வலிக்காதா?" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பானர் நழுவி நெற்றியில் விழுந்தது. புடைப்பு இரண்டு நாளில் வற்றியது. கேள்வியும் அதோடு மறந்துபோயிற்று.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். மாஸ்டர் அதே காரில்தான் இன்னும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கிளட்ச் பழகாத எத்தனையோ கால்களைப் பொறுத்துக்கொண்ட கார் அது. பொறுமைக்குக் கைம்மாறாக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தன் கையாலேயே ஆயில் மாற்றிவிடுவார். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் இளகியதும் அடியிலுள்ள திருகைக் கழற்றிப் பழையதை டின்னில் வடிப்பார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் புது எண்ணெய் தடவி, கைப்பிடி இறுக்கத்தில் பொருத்துவார். அப்புறம் புது எண்ணெய் ஊற்றி, ஆயில் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"அதோட ஆயில தினமும் பாக்குறீங்க. என் பிரஷர என்னைக்காவது பாத்தீங்களா?" என்பாள் மனைவி.

"உனக்குத்தான் லீக்கே கிடையாதே."

"வாய்க்கு மட்டும் ஆயில் குறையல உங்களுக்கு."

வடித்த பழைய எண்ணெயைச் சுவரோரம் ஊற்றினால் கரையான் அண்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையலக்காவின் அளவுக் காகிதங்களை ஒரு வருடம் கரையான் அரித்துத் தின்றது. அன்றிலிருந்து பாதி எண்ணெய் தன் சுவருக்கு, பாதி அவள் சுவருக்கு. கேட்காமல் செய்யும் உதவி என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவள் பங்குக்கு, காரின் கிழிந்த சீட் உறையை அவ்வப்போது தைத்துக் கொடுப்பாள்.

இந்த முறை ஆயில் மாற்றிவிட்டு டின்னோடு இரண்டு வீட்டுக்கும் இடைப்பட்ட சந்துக்குள் போனபோது, தையலக்கா தன் சுவரோரத்து எலுமிச்சை மரத்தின் கீழே நின்றிருந்தாள். மூன்று வருடமாகவே மஞ்சளித்து வந்த மரம். இப்போது இலைகளை எண்ணிவிடலாம்.

"வெள்ளிக்கிழமை வெட்ட ஆள் வருது மாஸ்டர். நான்தான் கொன்னேன் இத. புதுத்துணி நனைக்கிற கஞ்சித் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு இதுலயே ஊத்தினேன். புத்தி கெட்டவ."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"வேற என்ன? இந்த நிழல் போச்சுன்னா மதியானம் மெஷின்ல உக்கார முடியாது. அனுபவிக்க வேண்டியதுதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் ஒரு கம்பியால் சுவரோரம் குத்திப் பார்த்தார். ஒரு சாண் ஆழத்திலும் மண் கன்னங்கரேலென்று இருந்தது. முகர்ந்தால் தன் காரின் வாசனை. டின்னைத் திருகி மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். மண்ணுக்கு வயிறு வலிக்காதா என்ற குரல் இத்தனை வருடம் கழித்து அவருக்குக் கேட்டது.

சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"நல்லது நெனச்சுத்தானே ஊத்துனீங்க?"

"நெனச்சது நல்லதுதான். அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், இல்ல மண்ணையாவது பாத்திருக்கணும். இப்போ என் பழிய அவங்க சுமக்கறாங்க."

"அப்போ போய் இறக்கி வச்சிட்டு வாங்க. சாதத்த நான் மூடி வைக்கிறேன்."

அவர் சொன்னதையெல்லாம் தையலக்கா கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள். "கரையான் வரலையே மாஸ்டர். அதுவும் நெசந்தானே?"

"திட்டுங்கம்மா."

"திட்ட ஆரம்பிச்சா ரெண்டு நாளாகும். நாலு யூனிஃபார்ம் அவசரமா தைக்கணும். போங்க."

"ஒரு மழை வரைக்கும் வெட்டாம இருங்க. அது போதும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் அவர் வெளியே வந்து வெகுநேரம் ஆகியும் மெஷின் சத்தம் கேட்கவில்லை. அது அவரை உறுத்தியது. மன்னிப்பு கிடைத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா என்ன?

அடுத்த வாரம் தையலக்கா ஐந்தாறு நாள் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். மனைவியும் வேலைக்குப் போன பின், மாஸ்டர் காலை வகுப்புகளைத் தள்ளிவைத்து, மண் அள்ளும் கைக்கரண்டியோடு சந்தில் உட்கார்ந்தார். வேர் அறுபடாமல் விரலால் துழாவித் துழாவிக் கறுத்த மண்ணை அள்ளி மூட்டை கட்டினார். மூட்டைகளைப் பழைய கார்தான் சுமந்தது. கழிவெண்ணெயைச் சேர்த்து லாரியில் அனுப்பும் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "ஆயில் மாத்துவீங்கன்னு தெரியும் மாஸ்டர். மண்ணுமா மாத்துவீங்க?" சிரித்தாலும், மூட்டைகளை இறக்க அவரே கைகொடுத்தார். எங்கே தோண்டியது என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் குழி முழுக்க நல்ல மண்ணும் மக்கிய எருவும் நிறைந்தன. மாஸ்டர் மேலே சருகைப் பரப்பி, தோண்டிய தடம் தெரியாமல் செய்தார். இரவில் மனைவி அவர் நகங்களைப் பார்த்தாள். "என்ன கறை, ஒரு வாரமா போகல?"

"பழைய கறை."

அவள் சோப்பை நகர்த்தி வைத்ததோடு சரி.

மழை வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தையலக்கா சந்திலிருந்து கூவினாள். "மாஸ்டர்! ஓடி வாங்க! துளிர் விட்டிருக்கு!"

நகத்தளவில் ஏழெட்டு இலைகள், பளபளவென்று. அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. "பாத்தீங்களா, நல்லவேளை நீங்க மழை வரைக்கும் பொறுக்கச் சொன்னீங்க. எல்லாம் மழை செஞ்ச வேலை."

"ஆமாம்மா. நல்ல மழை" என்றார் மாஸ்டர்.

அது பொய்யுமில்லை. மழையைத் தந்தவனுக்கு மீதி தெரியும்.

அவள் உள்ளே போனாள். மெஷின் சத்தம் கிளம்பியது. மாஸ்டர் குனிந்து, மழையில் சருகு விலகிய இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். மண் வாசனை மட்டும்தான். அதை எடுத்த இடத்திலேயே போட்டு, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார்.