பின்வரிசையில் ஒருத்தி

குவாரண்டா என்ற மலையூரின் பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பயணச்சீட்டு கிழித்துக் கொடுத்தவள் நார்சிசா. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை ஏறியது. "தினமும் உடம்பை அசை, இல்லாட்டி ஊசிதான்" என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு அவள் எடுக்காத சபதம் இல்லை. ஓடுவதற்கென்று வாங்கிய காலணி இரண்டு நாள் மழையில் நனைந்து கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் துணி காய்ந்தது. திங்கட்கிழமை தொடங்குவாள். புதன்கிழமை முட்டி வலிக்கும், இல்லாவிட்டால் தூறும், அதுவும் இல்லாவிட்டால் தூக்கம் விடாது.

எதிர்வீட்டுத் தார்ஹேலியா, சந்தையில் சூப் கடை வைத்திருந்தவள், ஒரு நாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தனியா படுத்துக்கிட்டு சபதம் எடுத்தா தலையணைக்குத்தான்டி கேக்கும். நாலு பொம்பளைங்களோட நின்னு ஆடு. வெக்கத்துக்காவது காலைத் தூக்குவே."

பூங்காவில் தகரக் கூரை போட்ட ஒரு திடல் இருந்தது. விடிகாலை ஐந்தரைக்கு யோமாய்ரா என்ற ஆசிரியை அங்கே ஒலிபெருக்கியில் கும்பியா ஆட்டப் பாட்டை அலறவிட்டு, பெண்களை நாலு வரிசையாக நிறுத்தி ஆட வைப்பாள். பாதி நாள் வருவார்கள், பாதி நாள் வரமாட்டார்கள். மலையிலிருந்து மூடுபனி இறங்கினால் ஐந்து பேர் தேறுவதே பெரிது.

எட்டு நாள் போன நார்சிசா ஒன்பதாம் நாள் போகவில்லை. பனி ஜன்னலில் அப்பிக் கிடந்தது. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்தாள். கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு.

"நார்சிசா, நேரமாச்சு."

தாழ்ந்த குரல். திரையை விலக்கினால் நீல உடுப்பு போட்ட ஒருத்தி அதற்குள் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். தார்ஹேலியா ஆள் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து நார்சிசா அவசரமாகக் காலணி மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். எட்டி நடந்தும் அவளைப் பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கி நின்றபோது அவள் தூரமாகவும் போகவில்லை. திடலில் அவள் கடைசி வரிசை ஓரத்தில், தூண் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அதன் பிறகு எப்போதெல்லாம் நார்சிசா சோம்பிப் படுத்தாளோ, அப்போதெல்லாம் அந்தத் தட்டு விழுந்தது. ஆகஸ்டுக்குள் பாவாடைகள் இடுப்பில் நழுவின. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "உன்னோடதுதானா இது?" என்று கேட்டார். திடலிலும் கூட்டம் குறையவே இல்லை. கொட்டும் மழையிலும் பதினாறு பேர் நின்றார்கள்.

செப்டம்பரில் அவள் அம்பாட்டோவில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் விடுப்பு. நன்றாகத் தூங்கிவிட்டு வரலாம் என்று நிம்மதியாகப் படுத்தாள். ஐந்து மணிக்குக் கண்ணாடியில் இரண்டு தட்டு.

"நார்சிசா, நேரமாச்சு."

எழுந்து, இருட்டில் தடவிக் காலணி மாட்டி, கயிற்றை முடிந்துகொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தம்பி வீடு மூன்றாவது மாடி. அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்க ஒரு சாண் இடம் கிடையாது.

விடியும்வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் நேரே சூப் கடைக்குப் போனாள்.

"அக்கா, என்னை எழுப்ப யாரை அனுப்புறீங்க?"

தார்ஹேலியா உருளைக்கிழங்குத் தோல் சீவுவதை நிறுத்தினாள். "நானா? என்னையே ஒருத்தி வந்து எழுப்புறா. நீ அனுப்பினதுன்னுதான நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அவ முகத்தைப் பாத்திருக்கீங்களா?"

தார்ஹேலியா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கையிலிருந்த கத்தி தாழ்ந்தது. "முதுகைத்தான்டி பாத்திருக்கேன்."

மறுநாள் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். எல்லார் வீட்டு ஜன்னலிலும் தட்டு விழுந்திருந்தது. எல்லாரும் வேறு யாரோ அனுப்பியதாக நினைத்திருந்தார்கள். யோமாய்ரா ஒலிபெருக்கியின் வயரைச் சுருட்டியபடி நிமிராமலே சொன்னாள்:

"நான் அந்தத் தூண் பக்கம் பாக்குறதே இல்லைக்கா. முந்தி பனி விழுந்தா நானும் பாட்டுப் பெட்டியும் மட்டும் நிப்போம். இப்ப ஒரு நாள் ஆள் குறையுதா சொல்லுங்க? வந்து ஆடிட்டுப் போகட்டும். நமக்கென்ன கெடுதல் பண்ணிட்டா?"

கெடுதல் ஒன்றும் இல்லைதான். பயந்துகொண்டே வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் தார்ஹேலியாவுக்கு நெஞ்சை அடைத்தது. மருத்துவமனையில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்று வாரம் படுக்கை, மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று உத்தரவு. வீடு வந்த மறுநாள் காலையில் நார்சிசா திடலுக்குப் போனபோது இரண்டாம் வரிசையில் தார்ஹேலியா நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பாட்டுக்குக் கால் மட்டும் தூக்கித் தூக்கி வைத்தது.

நார்சிசா அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். "பைத்தியமா உங்களுக்கு? சாகணுமா?"

"தட்டிக்கிட்டே இருக்காடி." தார்ஹேலியா அழுதாள். எந்தச் சாவுக்கும் அழாதவள். "காதைப் பொத்தினாலும் கேக்குது. தெறக்கிற வரைக்கும் விடமாட்டேங்குறா. தெறந்துட்டா கால் தானா போகுது."

அன்று இரவே நார்சிசா தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். ஐந்து மணிக்குத் தட்டு விழுந்தது. "தார்ஹேலியா, நேரமாச்சு." படுத்திருந்தவள் கண் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தாள். நார்சிசா அவள் தோளை அழுத்திப் படுக்க வைத்துவிட்டு, கதவைத் திறந்து வாசலை அடைத்து நின்றாள்.

தெருவில் பனி. பத்தடி தள்ளி நீல முதுகு.

"நில்லு," என்றாள் நார்சிசா. "இவ இன்னைக்கு வரமாட்டா."

முதுகு நின்றது. திரும்பவில்லை. தெருக்கோடியில் குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்கியது. பக்கத்தில் நின்று சொல்வது போலக் குரல் வந்தது.

"நாளைக்கு, நாளைக்குன்னு நானும்தான் சொன்னேன்."

பயத்துக்கு நடுவிலும், அந்தக் குரலில் இருந்த அலுப்பு நார்சிசாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றாக இருந்தது. எத்தனை புதன்கிழமை இதே வார்த்தையைப் போர்வைக்குள் சொல்லியிருக்கிறாள்!

"சோம்பேறித்தனம் இல்லம்மா இது," என்றாள் மெதுவாக. "இவ நெஞ்சு தாங்காது. மூணு வாரம். அதுக்கப்புறம் நானே கூட்டிட்டு வர்றேன். என்னையும் இனிமே நீ எழுப்ப வேணாம். நானா வர்றேன். வராத நாளுக்கு நானே காரணம் சொல்லிக்கிறேன்."

நீல உடுப்பு பனிக்குள் கரைவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே தார்ஹேலியா குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு ஊரில் எந்த ஜன்னலிலும் தட்டு விழவில்லை. பதினாறு பேர் பதினொரு பேராகி, ஏழு பேரானார்கள். யோமாய்ரா நார்சிசாவிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்ன வாய் மூடுவதற்குள் நார்சிசாவே இரண்டு நாள் படுத்துவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தபோது படுக்கை இன்னும் கதகதப்பாக இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மூன்றாம் நாள் யாரும் கூப்பிடாமல் எழுந்தாள். ஆட்டம் முடியும்வரை மனம் படுக்கையிலேயே கிடந்தது, உடம்பு மட்டும் ஆடியது. அதுவே போதும் என்று நினைத்தாள். வாரத்தில் நாலு நாள் என்று வைத்துக்கொண்டாள். மற்ற நாள் நன்றாகத் தூங்கினாள்.

மூன்று வாரம் முடிந்ததும் தார்ஹேலியாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். குதிக்கக் கூடாது, கையை ஆட்டி மெல்ல அடி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இருவரும் கடைசி வரிசைக்குப் போனார்கள். தூண் பக்கம் வெறுமையாக இருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்த கை மட்டும் குளிரில் விறைத்தது. பேசி வைக்காமலே இருவரும் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நகர்ந்து நின்றார்கள்.

டிசம்பரில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஓடி வந்து அந்த இடைவெளியில் நிற்கப் போனாள். தார்ஹேலியா அவள் சட்டைக் கையைப் பிடித்துத் தன் மறுபக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இங்க வாம்மா. அங்க ஆள் இருக்கு."

"யாரு? ஒருத்தரையும் காணோமே."

"வருவா, வருவா," என்றாள் தார்ஹேலியா. "நீ கையைத் தூக்கு, பாட்டு ஆரம்பிச்சாச்சு."