மேற்கு பார்த்த ஓட்டுகள்

மணிக் கட்சி, இந்திய வம்சாவளியினரான இந்துஸ்தானிகளின் கட்சி. அவர்கள் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் கொமெவைனா தொகுதியில் கரையேற முடியாது என்று தெரிந்ததும், ஜாவாக்காரர்களான எங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. வேட்பாளர் ஜக்ரூப் எங்கள் ஊருக்குப் புதுப் பள்ளிவாசல் கட்டித் தந்தார். ஊர் ஓட்டைத் திரட்டும் பொறுப்பு என் பக்கத்து வீட்டுக் காசியோவுக்கு. ஜெயித்தால் விவசாய இலாகாவில் காவலாளி வேலை. அரசாங்கச் சம்பளம், பென்ஷன். அவன் மனைவி சூமினா சீருடைக்கு இப்போதே பித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைநகர் பரமரிபோவிலிருந்து வந்த மேஸ்திரி, மக்கா இருக்கும் கிழக்குச் சுவரில், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தைக் கட்டினார். நாங்களோ மேற்கு பார்த்துத் தொழுகிறவர்கள். ஜாவாவுக்கு மக்கா மேற்கே, அதனால் முன்னோர் மேற்கு பார்த்தார்கள்; கப்பலேறி இங்கே வந்தும் திரும்பவில்லை. சுவர் எழும்பிய ஒரு மாதமும் ஊரே பார்த்தது, யாரும் வாய் திறக்கவில்லை. கொடுப்பவரிடம் குறை சொல்வது எங்களில் மரியாதை இல்லை. நானும் தினம் இரண்டு தடவை போய், "ரொம்ப அழகு" என்று சொல்லிவிட்டு வந்தேன். காசியோவுக்கு மட்டும் நிஜமாகவே தெரியாது. தொழ வந்தால்தானே!

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. ஜக்ரூப் படத்துக்காக மாடத்தருகே நின்றார். நான் ஜன்னலோரம். தொழுகை தொடங்கியதும் ஊர் முழுக்க அமைதியாக அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

முடிந்ததும் ஜக்ரூப் காசியோவை வெளியே இழுத்தார். "என்னய்யா இது? பள்ளிவாசல் கட்டிக் குடுத்தா முதுகக் காட்டுறாங்க?"

"காத்துக்காகத் திரும்பியிருப்பாங்கய்யா..."

விருந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த என் தம்பி வாகினோவுக்குப் புரையேறிவிட்டது. "காத்தா? காசியோண்ணே, நீ கடைசியாத் தொழுதது எப்ப? உன் சுன்னத்து அன்னிக்கா?" பிறகு வேட்பாளரிடம் பவ்யமாக விஷயத்தைச் சொன்னான்.

ஜக்ரூப் கோபப்படவில்லை. "மாடத்த அந்தப் பக்கம் மாத்த எத்தன நாளாகும்?"

"பத்து நாளுங்கய்யா" என்றான் வாகினோ.

"தேர்தலுக்குப் பன்னெண்டு இருக்கு. நீயே பாத்துக்க தம்பி. அந்தக் காவலாளி வேலையும் உனக்குத்தான்."

"ஐயா, என் பொஞ்சாதி ஊரெல்லாம் சொல்லிட்டாளே!" என்றான் காசியோ.

"ஊரு எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியாத ஆள வச்சு நான் எப்படிய்யா ஓட்டு வாங்குறது?"

மணிக் கட்சி ஜெயித்தது. வாகினோ வேலைக்குப் போகிறான். சூமினா எங்கள் வேலியில் தகரம் அடித்துவிட்டாள். இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காசியோ இப்போது வெள்ளிதோறும் முதல் வரிசை. போன வாரம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல்களின் கட்சிக்காரர் ஒருவர் வந்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டாராம்.