ஓடினால் குளிரும்

மெக்கானிக் றெஜி வானுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"காஸ் நிக்குது அண்ணை. பெல்ற் போட்டவுடனை கம்பிறசரும் வேலை செய்யுது. முன்னுக்குக் காத்தடிக்கிற விசிறி மோட்டர்தான் இறுகிப்போச்சு. எத்தினை வருசமா ஏ.சி. போடேல்லை?"

வான்காரர் பஞ்சலிங்கம் ரோட்டுப் பக்கம் பார்த்தார். "டீசல் வரிசைக் காலத்திலை பெல்ற்றைக் கழட்டினது. பேந்து ஆர் கேட்டது ஏ.சி.? எங்கடை சனம் யன்னலைத் திறந்துபோட்டு வரும்."

"அசையாமல் கிடந்தா எல்லாம் கறள் பிடிச்சு இறுகிப்போம், மனிசரைப் போல…" என்று தொடங்கிய றெஜி, கொட்டில் வாசலில் நின்ற சிவகௌரியைக் கண்டு நாக்கைக் கடித்தான்.

அவள் அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. அவளுடைய புருசன் கோபிசங்கர் மேசன். கலியாண மண்டபம் ஒன்றுக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரக்கட்டு சரிய, கீழே விழுந்தான். கழுத்து எலும்பு போனது. கையைத் தூக்குவான், விரல் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும்விடக் கெட்டது, அந்த உடம்பு வியர்ப்பதில்லை. வெயில் ஏற ஏறத் தகரம் மாதிரி அதுவும் சூடேறும், தானாக இறங்காது. போன வருடம் கோயில் தேருக்குக் கொண்டுபோய், பாதியில் கண் செருகி, ஆஸ்பத்திரியில் போட்டுத்தான் மீட்டார்கள். அதற்குப் பிறகு சித்திரை வெயிலில் அவன் மானிப்பாய் வீட்டு அறையை விட்டு வெளிக்கிட்டதே இல்லை.

நேற்று உடுப்பிட்டியில் அவனுடைய தாய் செத்துப்போனாள்.

தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் கடைசி மகனான அவன். அதை அக்காவின் மகன் வைக்கட்டும் என்று கோபிசங்கரே சொல்லிவிட்டான். ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. "வாய்க்கரிசி என்ரை கையாலை போடவேணும், கௌரி. நீ கையைப் பிடி. நான் போடுறன்."

"வேறை மோட்டர் எடுக்கேலாதோ?" என்று சிவகௌரி கேட்டாள்.

"கொழும்பிலையிருந்து நாளைக்கு வரும்."

"நாளைக்குச் சாம்பல்தான் கிடக்கும்."

றெஜி கழித்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து மோட்டரைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தான். சுற்றியது, புகைந்தது, நின்றது. அதைப் பிடுங்கி மூலைக்குள் எறிந்தான்.

"அக்கா, கேளுங்கோ. வான் ஓடினா முன்காத்து அடிக்கும், குளிரும். நிண்டா குளிராது. ஆமை மாதிரி ஊர்ந்தாலும் குளிராது. ஓட்டத்திலை வைச்சிருங்கோ, இண்டைக்குச் சமாளிக்கலாம்."

பின் சீற்றுகளைக் கழற்றி மெத்தை விரித்துக் கோபிசங்கரைக் கிடத்தினார்கள். மானிப்பாய் தாண்டியதும் குளிர் வந்தது. உண்மையான குளிர். அவன் கண்ணை மூடிக் கிடந்தான்.

"போர்வை தா கௌரி. வெளிநாட்டுக்காரன் மாதிரிப் போறன். அம்மா கண்டா, கண்பட்டிடுமெண்டு நாவூறு கழிப்பா."

சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

உடுப்பிட்டியில் செத்த வீட்டு வாசல் படலையில் பறை அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் புருசன் தில்லைநாதன் வானடிக்கு ஓடி வந்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறுக்கவேணும். கரண்ட் போயிட்டுது, கனடாவுக்குக் காட்டுற நேரலையும் நிண்டுபோச்சு. தாயின்ரை முகம் பாக்காமல் கிரியை தொடங்கவேண்டாமெண்டு அங்கை உன்ரை அண்ணன் ஒற்றைக்காலிலை நிக்கிறார்."

"அப்ப நான் இப்பவே அரிசியைப் போட்டிட்டுப் போறன் அத்தான்."

"கிரியை தொடங்கிச் சுண்ணம் இடிக்க முன்னம் வாய்க்கரிசியோ? ஐயர் விடமாட்டார்."

அதற்குள் பெண்கள் வான் கதவை இழுத்துத் திறந்துவிட்டார்கள். ஒருத்தி மாறி ஒருத்தி ஏறி, உணர்வில்லாத அவன் கால்களைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். குளிர் முழுக்க வெளியே போனது. ஏ.சி. துவாரத்தால் வெந்த காற்று வந்தது. சிவகௌரி அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"இறங்குங்கோ எல்லாரும். பஞ்சண்ணை, வானை எடுங்கோ."

"எங்கை பிள்ளை?"

"எங்கையெண்டாலும். ஓடினாச் சரி." தில்லைநாதன் பக்கம் திரும்பினாள். "அண்ணை, கிரியை தொடங்கினவுடனை போனிலை ஒரு கோல் அடியுங்கோ, அந்தக் கணமே வந்து நிப்பம். அரிசியை இப்பவே தாங்கோ."

வாங்கிய அரிசியை அவனுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சிந்தாமல் கைலேஞ்சியால் கட்டினாள்.

வான் ஊரைச் சுற்றத் தொடங்கியது. பள்ளிக்கூடத்து ரோட்டால் போய், சந்தியால் திரும்பி, தோட்ட வெளியால் வந்து, மறுபடி செத்த வீட்டுப் படலை. ஒவ்வொரு முறையும் தில்லைநாதன் கையைக் காட்டி இன்னும் இல்லை என்றார். மறுபடி பள்ளிக்கூடம்.

சந்திக் கடையில் நின்ற ஒருவன் கூப்பிட்டான். "என்ன பஞ்சலிங்கம், இண்டைக்குத் தேரோ? வீதி சுத்துறாய்!"

"ஓமடா. சாமி உள்ளுக்கை கிடக்கு."

பின்னால் கோபிசங்கர் சத்தமாகச் சிரித்தான். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

அடுத்த முறை படலையடியில் தில்லைநாதனைக் காணவில்லை. உள்ளே ஏதோ வேலையாக்கும் என்று நினைத்தார்கள். குளிர் நன்றாகப் பிடித்திருந்ததால் பஞ்சலிங்கம் தோட்ட வெளியின் அந்தக்கரை வரை விட்டார். வெங்காயம் பிடுங்கிய நிலம் வெடித்துக் கிடந்தது. சிவகௌரி போனை மடியில் வைத்து அதையே பார்த்தபடி வந்தாள். அது அடிக்கவில்லை.

திரும்பி வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இறங்கியபோது பறை கேட்டது. வீட்டில் அல்ல, ரோட்டில்.

பஞ்சலிங்கம் பிறேக்கை அமத்தினார். இரண்டு பக்கமும் தகர வேலி. நடுவே சவப்பெட்டி வந்தது. மூடியிருந்தது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு வந்த தன் மகனுக்குப் பக்கத்தில், மேல்சட்டை இல்லாமல், ஈர வேட்டியோடு தில்லைநாதன். வானைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி… கரண்ட் வந்திட்டுது, நேரம் போகுதெண்டு ஐயர் நெருக்கி, கிரியையைச் சுருக்கி முடிச்சுப்போட்டார். போன் சேட்டுப் பொக்கற்றுக்கை. குளிக்கேக்கை சேட்டைக் கழட்டிக் கொடியிலை போட்டனான்…"

"கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "எடுத்த பெட்டி நிக்கக்கூடாது. வானைப் பின்னுக்கு எடு!"

பஞ்சலிங்கம் பின்னுக்கு எடுத்தார். வான் பின்னால் போகப் போகப் பெட்டி முன்னால் வந்தது. கோபிசங்கரின் தலையைச் சிவகௌரி மடியில் தூக்கி வைத்திருந்தாள். முன்கண்ணாடியால் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒழுங்கை முடிந்த இடத்தில் வான் ஒதுங்கியது. பெட்டி கடந்து போனது.

"சுடலை வரைக்கும் பின்னாலை விடுங்கோ பஞ்சண்ணை," என்றான் கோபிசங்கர்.

பஞ்சலிங்கம் சனத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் விட்டார். துவாரத்தால் முதலில் இளஞ்சூடு வந்தது, பிறகு அனல். சிவகௌரி போத்தல் தண்ணீரைத் துவாயில் ஊற்றி அவன் நெஞ்சில் போட்டாள். துவாய் கணத்தில் சுட்டது. அவன் முகம் சிவந்து, காய்ந்து, ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தது.

"திருப்புங்கோ அண்ணை."

"திருப்பாதேங்கோ! கௌரி, கொஞ்சத் தூரந்தான். நான் செத்தாச் சாகிறன், விடு."

"செத்தா, உங்களுக்கும் நான்தான் அரிசி போடவேணும். திருப்புங்கோ பஞ்சண்ணை!"

பஞ்சலிங்கம் திருப்பினார்.

பெரிய ரோட்டில் ஏறியதும் வான் வேகம் பிடித்தது. பறை கேட்காமல் போனது. வல்லை வெளியில் எதிர்க்காற்று அடிக்க, குளிர் வந்தது. காலையில் வந்த அதே குளிர். சிவகௌரி அவன் கையில் கட்டிய கைலேஞ்சியை அவிழ்க்கப் போனாள்.

"கிடக்கட்டும்," என்றான்.

அவள் கையை எடுத்தாள்.

"இப்ப குளிர் காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று பஞ்சலிங்கம் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். வாடகைக்கு ஓடிய எல்லா ஹயரிலும் கேட்க ஆசைப்பட்டு, ஏ.சி. இல்லாததால் கேட்காமல் விட்ட கேள்வி.

அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.